அமெரிக்காவிலிருந்து வந்த சொட்டு மருந்து: சேலத்துக் குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்

சென்ற மாதம் ஒரு மாலை, அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் மருந்துக் கடைக்கு ஓர் அம்மாயி வந்தார். மஞ்சள் பையிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு சிறிய பழுப்பு நிறப் புட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். அமெரிக்காவில் இருக்கும் மகள், ஒன்றரை வயதுப் பேரனோடு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறாள். அங்கே குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து அது. மகள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் மருந்து கொடுக்கும் பொறுப்பு அம்மாயியிடம் வந்திருந்தது. “தம்பி, இதை ஒரு ஸ்பூன் கொடுப்பதா, இரண்டு ஸ்பூன் கொடுப்பதா?” என்று கேட்டார்.

புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மி.லி.யில் இரும்பு 10 மி.கி., ஃபுளோரைடு 0.25 மி.கி., கூடவே ஏ, சி, டி, பி வகை வைட்டமின்கள். நாளுக்கு ஒரு மி.லி. என்று எழுதியிருந்தது. நம் வீட்டில் ‘ஒரு ஸ்பூன்’ என்றால் குறைந்தது 5 மி.லி. அம்மாயி கேட்காமலே கொடுத்திருந்தால், அந்தக் குழந்தைக்குத் தினமும் ஐந்து மடங்கு இரும்பு போயிருக்கும். அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்: “பேரன் குடிப்பது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா?”

மருந்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் திகைத்தார். சேலத்தில் சம்பந்தம் மிகவும் இருக்கிறது. குழந்தைக்கு முதன்முறையாகச் சத்து மருந்து கொடுக்கப் போகிறவர்கள், புட்டியைத் திறப்பதற்கு முன் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

சொட்டு மருந்தில் ஃபுளோரைடு சேர்ப்பது பல் சொத்தையைத் தடுக்க. குடிநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவாக உள்ள ஊர்களுக்காக உருவானது அந்தப் பழக்கம். அமெரிக்காவிலேயே அதற்குக் கண்டிப்பான அட்டவணை உண்டு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு, குடிநீரில் லிட்டருக்கு 0.3 மி.கி.க்கும் குறைவாக ஃபுளோரைடு இருந்தால் மட்டுமே நாளுக்கு 0.25 மி.கி. கொடுக்கலாம். தண்ணீரில் 0.6 மி.கி.க்கு மேல் இருந்தால் எந்த வயதுக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது. 2025 மே மாதம் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே, குழந்தைகள் விழுங்கும் ஃபுளோரைடு மருந்துகளைச் சந்தையிலிருந்து விலக்கும் நடவடிக்கையைத் தொடங்குவதாக அறிவித்தது.

இப்போது நம் மண்ணைப் பாருங்கள். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளைக் கொண்டவை. கடினப் பாறைகளில் உள்ள கருப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து அது கரைந்து வருகிறது. ஆழத்தில் நெடுங்காலம் தங்கிய தண்ணீரில், அதிலும் சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில், அது கூடுதலாகச் சேர்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மி.கி. வரை பொறுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போடுவோம். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு, எல்லா வழியிலும் சேர்த்து, நாளுக்கு 1.3 மி.கி. ஃபுளோரைடுதான் மேல் வரம்பு. லிட்டருக்கு 1.5 மி.கி. உள்ள போர் தண்ணீரைக் குடிப்பதிலும் கஞ்சியிலும் குழம்பிலுமாக ஒரு லிட்டர் அளவுக்குக் குழந்தை உட்கொண்டால், சொட்டு மருந்து இல்லாமலே வரம்பு தாண்டிவிடுகிறது. அதோடு பற்பசை: ஆயிரம் பி.பி.எம்., அதாவது கிராமுக்கு ஒரு மி.கி. ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு வைத்துக் குழந்தை விழுங்கிவிட்டால், அதுவே 0.25 மி.கி. புட்டியில் உள்ள ஒரு நாள் அளவும் சரியாக அதுதான். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு என்பதால் குழந்தைக்குத் தேநீர் கொடுக்கும் வீடுகள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூடினால் என்ன ஆகும்? ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது பிறந்ததிலிருந்து ஏறத்தாழ எட்டு வயது வரை, மிகையான ஃபுளோரைடு பல்லின் மேற்பூச்சைக் கெடுக்கிறது. பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டுகளோடும் காவிக் கோடுகளோடும் வரும். தேய்த்தாலும் போகாது. பள்ளியில் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளை நம் மாவட்டத்துக் கிராமங்களில் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த எவருக்கும் இந்தக் கணக்கு வெறும் கணக்காகத் தோன்றாது. மிக அதிக ஃபுளோரைடை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

ஆகவே, போர் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ குடிக்கிறீர்கள் என்றால் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் ஒரு லிட்டர் பிடித்துக் கொண்டுபோங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கும்.

சேலம் மாநகரில் மேட்டூர்க் காவிரித் தண்ணீர் வருகிறதே, எங்களுக்கு ஃபுளோரைடு சொட்டு கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே என் கருத்து. குழாயில் காவிரி வராத நாளில் போர், விருந்தாளி வந்தால் கேன், பாட்டி வீட்டில் கிணறு என்று நம் குழந்தைகள் ஒரே வாரத்தில் மூன்று தண்ணீர் குடிக்கிறார்கள். எந்த அளவை வைத்து மருந்தைக் கணக்கிடுவது? பல்லைக் காக்க, மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும் அதன்பின் பட்டாணி அளவும் பற்பசை வைத்து, இரண்டு வேளை பெரியவர்களே துலக்கிவிட்டுத் துப்பச் செய்தால் போதும். சத்து மருந்து தேவைப்படும் குழந்தைக்கு ஃபுளோரைடு இல்லாததை எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ‘ஃபுளோரைடு’ என்ற சொல் புட்டியில் இருந்தால், தண்ணீர் பரிசோதனைத் தாள் இல்லாமல் அதைத் திறக்காதீர்கள்.

இரும்பு யாருக்கு வேண்டும்

ஃபுளோரைடு நமக்கு மிகுதி என்றால் இரும்பு நமக்குப் பற்றாக்குறை. கஞ்சமலையில் இரும்புத் தாது கிடக்கும் மாவட்டத்தில், குழந்தைகளின் இரத்தத்தில் இரும்பு இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. எனவே இரும்பு மருந்தைக் கண்டு பயந்து ஒதுக்குவதும் தவறு.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, தாயிடமிருந்து பெற்ற இரும்பு ஏறத்தாழ ஆறு மாதம் வரை கைகொடுக்கும். குறை மாதத்திலோ குறை எடையிலோ பிறந்த குழந்தைக்கு அதற்கு வெகு முன்பே மருத்துவர் இரும்பு தொடங்குவார். ஆறு மாதத்துக்குப் பின் உணவு முக்கியம். சேலத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி மலிவு, செரிக்கும், குழந்தை அழாமல் குடிக்கும். ஆனால் அது வெறும் மாவுச்சத்து, இரும்பு அதில் இல்லை என்றே சொல்லலாம். அதை மட்டும் ஊட்டி வளர்த்த குழந்தைகள் குண்டாகவும் வெளிறியும் இருப்பதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். பருப்பு, கீரை, முட்டை, ஈரல் என்று படிப்படியாகச் சேர்க்க வேண்டும்.

அரசு தரும் இரும்புச்சத்துத் திரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வழியாகக் கிடைக்கும் அந்தத் திரவத்தில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. இரும்பும் 100 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மி.லி. தினமும் அல்ல. தனியார் மருத்துவர் எழுதும் டிராப்ஸ் பெரும்பாலும் தினமும் கொடுப்பது. இரண்டும் வீட்டில் இருந்தால், இரண்டையும் மருத்துவரிடம் காட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘அதுவும் சத்து, இதுவும் சத்து’ என்று இரண்டையும் கொடுக்கும் வீடுகளில்தான் அளவு இரட்டிப்பாகிறது. வைட்டமின் டி சொட்டு தனியாகப் போகிறதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுத்தார்களா என்பதையும் அதே வருகையில் சொல்லிவிடுங்கள்.

சில குழந்தைகளுக்கு இரும்பு கொடுக்கவே கூடாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் இதில் அடக்கம். குடும்பத்தில் யாருக்காவது தலசீமியா இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாள்களில் நிறுத்திவைத்து, தேறிய பின் தொடரலாம். மிகக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தைக்கு மருத்துவமனைதான் முடிவு செய்ய வேண்டும்.

புட்டியில் எதைப் படிப்பது

கண்ணைக் கவரும் பழப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்துக்குப் போங்கள். தேட வேண்டியது ‘எலிமெண்டல் அயர்ன்’ என்ற சொல்லும் அதற்கு அடுத்த எண்ணும். இரும்பு உப்பின் எடை வேறு, அதில் உள்ள இரும்பின் எடை வேறு. படிக வடிவ பெர்ரஸ் சல்பேட் 100 மி.கி.யில் இரும்பு ஏறத்தாழ 20 மி.கி. பெர்ரஸ் ஃபியூமரேட் 100 மி.கி.யில் ஏறத்தாழ 33 மி.கி. உப்பின் எண்ணைப் பார்த்து இரும்பு என்று நினைத்தால் கணக்கு தலைகீழாகும்.

அடுத்து, அந்த எண் எத்தனை மி.லி.க்கு என்று பாருங்கள். டிராப்ஸ் என்றால் வழக்கமாக ஒரு மி.லி.க்கு எழுதுவார்கள். சிரப் என்றால் 5 மி.லி.க்கு எழுதுவார்கள். ஒரே பெயரில், ஒரே நிறப் பெட்டியில் இரண்டும் வரும். என் உறவுக்காரக் குழந்தை ஒன்றுக்கு, முதல் மாதம் சிரப் கொடுத்துப் பழகிய கை, அடுத்த மாதம் டிராப்ஸ் வாங்கியபோதும் 5 மி.லி. ஊற்றியது. நான்கு நாள்களாகக் குழந்தைக்கு வயிற்று வலியும் வாந்தியும். காரணம் தெரிய நான்கு நாள் ஆனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. மருந்துக் கடையில் வாங்கும்போது, ‘இது டிராப்ஸா, சிரப்பா? என் குழந்தைக்கு எத்தனை மி.லி.?’ என்று கேட்டு, புட்டியின் மேல் பேனாவால் எழுதி வாங்குங்கள். எழுதித் தருவது எங்கள் கடமை. திறந்த தேதியையும் அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நோய் தடுக்கும் அளவு வேறு, இரத்தசோகையைக் குணப்படுத்தும் அளவு வேறு. இரண்டாவதைக் குழந்தையின் எடையை வைத்து மருத்துவர் கணக்கிடுவார். அதனால் மருத்துவரிடம் போகும் அன்றே எடை பார்த்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு முந்தைய எடை உதவாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிய அளவு உங்கள் குழந்தைக்குப் பொருந்தாது.

கொடுக்கும் முறை

புட்டியோடு வந்த டிராப்பர் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சு, இவை இரண்டு மட்டுமே அளவுகோல். சமையலறை ஸ்பூனும் பாலாடையும் வேண்டாம். புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். டிராப்பரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோட்டுக்குச் சரியாக எடுங்கள்.

குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் பின்பகுதியை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இதற்கு இரண்டு காரணம். படுக்கவைத்துத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். முன்பற்களில் பட்டால் இரும்பு கரும் கறையாகப் படியும். பிறகு இரண்டு மடக்குத் தண்ணீர், அல்லது தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஈரத் துணியால் ஈறைத் துடைத்துவிடுவது. பால் புட்டியில் கலக்க வேண்டாம். குழந்தை பாதிக் குடித்து விட்டுவிட்டால் எவ்வளவு போனது என்றே தெரியாது.

நேரம் முக்கியம். பால், தயிர், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது இரும்பை உடலில் சேரவிடாது, ஃபுளோரைடையும் அப்படியே. எனவே பாலுக்கும் மருந்துக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீயும் காப்பியும் இரும்பைக் கட்டிப்போடுபவை. ஏற்காட்டுத் தோட்டப் பகுதிகளில் சில வீடுகளில் குளிருக்கு இதமாகக் குழந்தைக்கும் இரண்டு வாய் வரக்காப்பி கொடுக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் கொடுத்த மருந்து வீணாகிறது. அதே மலையில் விளையும் கமலா ஆரஞ்சின் இரண்டு சுளையை, திட உணவு தொடங்கிய குழந்தைக்குக் கொட்டை நீக்கிப் பிழிந்து மருந்தோடு கொடுத்தால், அதன் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். நெல்லி, கொய்யா, எலுமிச்சைக்கும் அதே குணம். வெறும் வயிற்றில் இரும்பு நன்றாகச் சேரும். வாந்தி எடுக்கும் குழந்தைக்குச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கலாம்.

ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். கொடுத்ததும் கக்கிவிட்டால் திரும்ப ஊற்றாமல் அடுத்த வேளை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மருந்து கொடுப்பவர் ஒருவராக இருக்கட்டும். அம்மா காலையில் கொடுத்ததை அறியாமல் அப்பாயி மாலையில் கொடுப்பது கூட்டுக் குடும்பங்களில் நடக்கிறது. நாள்காட்டித் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மலம் கருத்துப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வரலாம். தண்ணீரும் பழமும் கூட்டிக் கொடுங்கள். பல்லில் கறை தெரிந்தால் கலங்காதீர்கள். டானிக்கின் கறை பல்லின் மேல் படிவது, துலக்கினாலும் பல் மருத்துவர் சுத்தம் செய்தாலும் போய்விடும். ஃபுளோரைடின் காவி பல்லுக்குள் இருப்பது, அது போகாது.

புட்டி எங்கே இருக்கிறது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இரும்பு மருந்து குழந்தைக்கு இனிக்கும், பழச்சுவை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் நஞ்சுகளில் முன்வரிசையில் இருப்பது இரும்பு மாத்திரையும் டானிக்கும்தான். உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. தாண்டினால் பாதிப்பு தொடங்கலாம். 60 மி.கி. தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் கையில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. உள்ள 50 மி.லி. புட்டி கிடைத்தால், அதில் உள்ளது 1000 மி.கி., அதாவது கிலோவுக்கு 100 மி.கி. அம்மாயி கொண்டுவந்த வகைப் புட்டியில் 500 மி.கி. அந்தப் புட்டியில் ஃபுளோரைடு நாள்பட்ட தீங்கு, இரும்போ ஒரே மாலையில் வரும் தீங்கு. கர்ப்பிணித் தாயின் இரும்பு மாத்திரை அட்டை இதைவிடப் பெரிய ஆபத்து. ஒரு மாத்திரையிலேயே 60 மி.கி. இருக்கும். தம்பிப் பாப்பா வயிற்றில் இருக்கும்போது மூத்த குழந்தை தலையணைக்கடியிலிருந்து எடுத்துத் தின்பதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. எல்லாவற்றையும் பூட்டும் அலமாரியில், உயரத்தில் வையுங்கள். ‘மிட்டாய் மருந்து’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

குடித்துவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மீதிப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் மருத்துவர் கணக்கிடுவார். முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி, பேதி, சில சமயம் இரத்தம். அதன்பின் குழந்தை தெளிந்து விளையாடும். பலர் ஏமாறும் கட்டம் அதுதான். வெளியே அமைதியாக இருக்கும் அந்த நேரத்தில் இரும்பு உள்ளே கல்லீரலையும் இதயத்தையும் தாக்கிக்கொண்டிருக்கும், அடுத்த நாள் குழந்தை திடீரென்று சரியும். இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு போக வேண்டும். சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இன்னும் முன்னதாகப் புறப்பட வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் சேலத்தின் பெரிய மருத்துவமனையை அடைய முடியும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது

இரத்தசோகைக்காகத் தொடங்கியிருந்தால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். எண் ஏறியதும் நிறுத்திவிடக் கூடாது. உடலின் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் கொடுக்கச் சொல்வார்கள். ஏறவே இல்லை என்றால் அளவைக் கூட்டாமல் காரணத்தைத் தேட வேண்டும்: கொக்கிப்புழு, பாலோடு கொடுத்த பழக்கம், அல்லது தலசீமியாச் சாயல் (பரம்பரையாக வரும் அதன் லேசான வடிவம்). ஒரு வயதுக்கு மேல், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

அம்மாயியின் வீட்டுத் தண்ணீர் முடிவு பத்து நாளில் வந்தது: லிட்டருக்கு 1.8 மி.கி. அந்தத் தாளையும் பழுப்புப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மகள் குழந்தை மருத்துவரிடம் போனாள். இப்போது ஃபுளோரைடு இல்லாத இரும்புச் சொட்டு, நாளுக்கு ஒரு மி.லி., காலையில். குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர். பழைய புட்டியைக் கடையில் என்னிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.